கவரின் பின்பக்கம்

மதுரைக்காரர்களின் கல்யாணப் பத்திரிகையில் முகவரியின் கடைசியில் ஓர் எண் நிற்கும். சிம்மக்கல்லில் குடியிருப்பவர் ‘மதுரை–1’ என்று போடுவார். கோரிப்பாளையத்தாருக்கு ‘மதுரை–2’, திருநகராருக்கு ‘மதுரை–6’. கே.கே. நகர் ஆர்ச்சுக்குள் நுழைந்து வண்டியூர் கண்மாய்ப் பக்கம் போனால் வரும் வீடுகளுக்கு ‘மதுரை–20’. 625020 என்கிற பின்கோடின் வால்தான் அது.

1972 ஆகஸ்ட் 15 அன்று பின்கோடு நடைமுறைக்கு வந்தது. முதல் எண்ணான 6, தமிழகம், கேரளம், புதுச்சேரி, லட்சத்தீவு எல்லாம் சேர்ந்த மண்டலத்தைக் குறிக்கும். முதல் மூன்று எண்களும் சேர்ந்தால் கடிதம் பிரிக்கப்படும் மாவட்டம். கடைசி மூன்றும் பட்டுவாடா செய்யும் தபால் நிலையம். வாட்ஸ்அப்பில் இருப்பிடம் அனுப்பும் இந்தக் காலத்திலும் மதுரையில் ஒருவர் தன் பேட்டையைச் சொல்ல அந்தக் கடைசி எண்ணைத்தான் எழுதுகிறார். தபால் ஓர் ஊரின்மேல் போட்ட கோடு அவ்வளவு சீக்கிரம் அழிவதில்லை. அந்தக் கோடுகளைத் தேடிப் படிப்பதையே வாழ்நாள் வேலையாக வைத்திருப்பவர்கள் உண்டு. தபால் வரலாறு சேகரிப்போர் என்று அவர்களைச் சொல்லலாம். தபால்தலை சேகரிப்போரின் உறவுக்காரர்கள்தான், ஆனால் வேறு வீடு.

பழைய கடிதம் ஒன்று கிடைத்தால், சாதாரண ஆள் யார் எழுதியது என்று பார்ப்பார். தபால்தலை சேர்ப்பவர் வலது மூலையில் ஒட்டியிருக்கும் தலையைப் பார்ப்பார். தபால் வரலாற்றுக்காரர் முதலில் கவரைத் திருப்புவார்.

காரணம் இருக்கிறது. கடிதம் புறப்பட்ட ஊரின் முத்திரை முன்பக்கத்தில், தலையின்மேல் விழும். போய்ச் சேர்ந்த ஊரின் முத்திரையைப் பின்பக்கத்தில் குத்துவது நெடுநாள் வழக்கம். இடையில் ரயில் தபால் பிரிக்கும் ஆர்.எம்.எஸ். பெட்டியில் ஏறியிருந்தால் அதன் முத்திரையும், வெளிநாட்டிலிருந்து வந்திருந்தால் துறைமுகத்தின் முத்திரையும் அங்கேதான் இருக்கும். எந்த வழியாக வந்தது, எத்தனை நாள் ஆனது, எங்கே ஒருநாள் தங்கியது, ஆள் இல்லாமல் திரும்பிப் போனதா என்பதையெல்லாம் கவர் தன் முதுகில் சுமந்து வருகிறது.

ஆனால் தமிழ்நாட்டில் இரண்டு மூன்று தலைமுறைப் பிள்ளைகள் இந்தப் பொழுதுபோக்கைக் கற்றுக்கொண்டது நேர் எதிரான வழியில். தாத்தாவின் கடிதக் கட்டைப் பிரித்து, தலை ஒட்டியிருக்கும் மூலையைக் கத்தரியால் வெட்டுவார்கள். வெட்டிய துண்டுகளைக் கிண்ணத்துத் தண்ணீரில் ஊறப்போட்டு, தலை தனியாகக் கழன்றதும் செய்தித்தாளில் உலர்த்தி, ஹிஞ்ச் என்கிற சிறு ஒட்டுத்தாளை ஒட்டி ஆல்பத்தில் வைப்பார்கள். பள்ளிக்கூடத்து மரத்தடியில் மக்யார் போஸ்டாவுக்கு ஹெல்வெட்டியா மாற்றிக்கொள்வார்கள். அந்த வயதில் அது பெரிய சந்தோஷம், உலக வரைபடத்தை அப்படிக் கற்றவர்கள் பலர். என்றாலும் குப்பைக்குப் போன மீதிக் கவரில்தான் ஊர்ப் பெயரும் தேதியும் இருந்தன. வெட்டி எடுத்த தலை, மண்ணைக் கிளறி எடுத்த பிறகு எங்கே கிடைத்தது என்று யாரும் குறித்து வைக்காத பானை ஓட்டைப் போன்றது. அழகு இருக்கும், சாட்சி சொல்லாது.

இந்தப் படிப்புக்குச் சங்கம் ஏன் தேவை என்பதை 1855 வாக்கில் வந்த ஒரு முத்திரையை வைத்தே விளக்கிவிடலாம். 1837ஆம் ஆண்டுச் சட்டப்படி கடிதக் கட்டணம் தூரத்துக்கும் எடைக்கும் தக்கபடி ஏறும். கல்கத்தாவிலிருந்து பம்பாய்க்கு ஒரு தோலா எடைக் கடிதத்துக்கு ஒரு ரூபாய், ஆக்ராவுக்குப் பன்னிரண்டு அணா. 1854 அக்டோபர் 1 முதல் நாடு முழுவதற்கும் ஒரே கட்டணம் வந்தது. கால் தோலாவுக்குள் இருந்தால் அரை அணா. மதுரையிலிருந்து மேலூருக்குப் போனாலும் பெஷாவருக்குப் போனாலும் அதே அரை அணாதான். அதற்கான தலைகளைக் கல்கத்தாவில் சர்வேயர் ஜெனரல் அலுவலகத்தில் கல்லச்சில் அச்சிட்டார்கள்.

ஒருமுறை ஒட்டிய தலையை மறுபடி பயன்படுத்தாமல் தடுக்க அதன்மேல் அழிப்பு முத்திரை குத்த வேண்டும். அதில் ஊர்ப் பெயர் இல்லை, எண்தான் இருந்தது. வங்காள வட்டத்துக்கு ‘பி’ என்ற எழுத்தும் எண்ணும், மதராஸ் வட்டத்துக்கு ‘சி’ என்ற எழுத்தும் எண்ணும், பம்பாய்க்கு எழுத்தில்லாமல் எண் மட்டும். மலாக்கா, பினாங்கு, சிங்கப்பூர் எல்லாம் அப்போது இந்தியத் தபாலின் கீழ் இருந்தன, 1867 வரை அங்கே இந்தியத் தலைகளே ஓடின. வங்காள வரிசையில் பி 109 மலாக்கா, பி 147 பினாங்கு, பி 172 சிங்கப்பூர். வெட்டி எடுத்த தலையில் ‘சி’யும் ஓர் எண்ணும் மட்டும் தெரிந்தால் அது எந்த ஊர்? முழுக் கவர் இருந்தால் அதிலேயே வேறிடத்தில் ஊர்ப் பெயருள்ள தேதி முத்திரை இருக்கும். இரண்டையும் பொருத்தினால் எண்ணின் ஊர் தெரிந்துவிடும். ஒருவரிடம் பத்துக் கவர் இருந்தால் பத்து ஊர் தெரியும். இருபது பேர் தங்கள் பெட்டிகளோடு ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்தால்தான் பட்டியல் நிரம்பும். ஓர் எண் இரண்டு ஊர்களுக்கு மாறிப் போயிருந்தால் அதுவும் அப்போதுதான் பிடிபடும். தனியாளாகச் செய்ய முடியாத வேலை இது.

இந்த மேசையை இந்தியாவில் முதலில் பெரிய அளவில் போட்டது 1897இல் தொடங்கிய இந்தியத் தபால்தலைச் சங்கம். அதன் தலைவராக இருந்த ஸ்டூவர்ட் வில்சன் பின்னாளில் தபால் துறையின் டைரக்டர் ஜெனரலாகவும் ஆனார். அவரும் ஹௌஸ்பர்க், கிராஃப்டன் ஆகியோரும் சேர்ந்து எழுதிய பிரிட்டிஷ் இந்தியத் தபால், தந்தித் தலைகள் பற்றிய நூல் 1907இல் வெளிவந்தது, இன்றைக்கும் அதைப் புரட்டாமல் இத்துறையில் யாரும் வாய் திறப்பதில்லை. 1950இல் இங்கிலாந்தில் ‘இந்தியா ஸ்டடி சர்க்கிள்’ உருவானது. தெற்கே நம்முடைய மேசை 1956இல் சென்னையில் வந்தது. தென்னிந்தியத் தபால்தலைச் சேகரிப்பாளர் சங்கம் என்ற அதைச் சேகரிப்பாளர்கள் ‘சிப்பா’ என்று செல்லமாகச் சொல்கிறார்கள். ‘சிப்பா புல்லட்டின்’ என்ற இதழும் உண்டு. ஒரு வட்டாரத்தின் தலைகளையும் முத்திரைகளையும் அந்த வட்டாரத்துக்காரர்களே ஆராய்வது என்ற வழக்கம் தென்னாட்டில் ஊன்றியதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு.

மதுரையை எடுத்துக்கொண்டால் தபால்தலைக்கு முந்திய கடிதங்களே ஒரு தனி உலகம். 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி முதல், மதுரை மிஷன் பாதிரியார்கள் ரோமாபுரிக்கு எழுதிய ஆண்டுக் கடிதங்கள் நாயக்கர் ஆட்சியின் வரலாற்றுக்கு அடிப்படைச் சான்றுகளாக இருக்கின்றன. அவை தபால் என்ற ஏற்பாட்டில் போனவை அல்ல. போகிறவர் வருகிறவர் கையில் கோவாவுக்கும் கொச்சிக்கும் போய்க் கப்பல் ஏறின. 1786 ஜூன் 1 அன்று மதராஸில் ஜெனரல் போஸ்ட் ஆபீஸ் திறந்தபோது கதை மாறியது. தப்பால்காரர் எனப்பட்ட தபால் ஓட்டக்காரர்கள் மைல் கணக்காக ஓடி அடுத்தவரிடம் பையைக் கைமாற்றினார்கள். 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து அமெரிக்க மிஷனரிகள் மதுரைக்கு வந்து பள்ளிகளைத் தொடங்கினார்கள். அவர்கள் பாஸ்டனில் இருந்த தலைமை அமைப்புக்கு எழுதிய கடிதங்கள் இன்று ஹார்வர்டின் ஹௌட்டன் நூலகத்தில் இருக்கின்றன. தப்பால்காரன் காலும் கப்பலின் பாயும் சேர்ந்து மதுரையை அட்லாண்டிக்கின் அக்கரையோடு கட்டிவைத்த காலம் அது. 1875இல் திருச்சியிலிருந்து ரயில் மதுரையைத் தொட்டது, அடுத்த ஆண்டே தூத்துக்குடிக்கு நீண்டது. அதற்குப் பிறகு எழுதிய கடிதங்களின் முதுகில் நாள் கணக்கு சுருங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். 1879 ஜூலை 1 அன்று வந்த காலணா கார்டு, கவர் வாங்கக் காசில்லாதவரையும் எழுத வைத்தது.

மதுரைக்குத் தெற்கே கொஞ்ச தூரம் போனால் வேறு தபாலே ஓடியது. செங்கோட்டையும் நாஞ்சில் நாடும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்–கொச்சி ஆட்சியில் இருந்தவை. அங்கே ‘அஞ்சல்’ என்ற சமஸ்தானத் தபாலும் பிரிட்டிஷ் இந்தியத் தபாலும் ஒரே ஊரில் அக்கம்பக்கமாக நடந்தன. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்கு எழுதினால் சங்குச் சின்னம் பொறித்த அஞ்சல் தலை போதும், மதுரைக்கு எழுத வேண்டுமானால் பிரிட்டிஷ் இந்தியத் தபாலை நாட வேண்டும். 1888இல் வந்த அஞ்சல் தலைகளின் மதிப்பு அணாவில் இல்லை, சக்கரத்தில். 1951 ஏப்ரல் 1 அன்று அஞ்சல் இந்தியத் தபாலோடு கலந்தது. நாம் இன்று அரசாங்கத் தமிழில் ‘அஞ்சல் துறை’ என்று எழுதும் சொல்லின் நிழலில் அந்தச் சமஸ்தானத் தபாலும் நிற்கிறது.

அஞ்சல் தலைகளில் மதுரைக்காரர் நின்று பார்க்க வேண்டிய வரிசை ஒன்று உண்டு. 1936 நவம்பரில் திருவிதாங்கூர் மன்னர் ஆலயப் பிரவேசப் பிரகடனம் செய்தார். அடுத்த ஆண்டே அந்நிகழ்ச்சிக்குத் தலை வெளியிட்டார்கள், மன்னரின் படமும் கோயில்களின் படமும் போட்டு. மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர், கக்கன் உள்ளிட்டவர்களோடு நுழைந்தது 1939 ஜூலை 8 அன்று. அதாவது, மதுரையின் சொந்தக் கோபுரம் திறக்கும் முன்பே அந்தச் செய்தி அண்டை நாட்டின் கடிதங்களில் ஒட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்விட்டது. வைத்தியநாத ஐயருக்கும் கக்கனுக்கும் இந்தியத் தபால் தலை வெளியிட்டது 1999இல், அறுபது ஆண்டு கழித்து. வட்டாரத் தலைகளைப் படிப்பதில் இதுபோன்ற முடிச்சுகள்தான் ருசி.

கிழக்கே காரைக்காலும் புதுச்சேரியும் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தன. 1923இல் அங்கத்துத் தலைகளின் மதிப்பை ஃபனோன், காஷ் என்று மாற்றினார்கள். 24 காஷ் ஒரு ஃபனோன், 8 ஃபனோன் ஒரு ரூபாய். பிரெஞ்சு எழுத்தை எடுத்துவிட்டு உச்சரித்துப் பார்த்தால் நம் பணமும் காசும்.

ஆனால் மதுரைச் சுற்றுவட்டாரத்தின் தபால் வரலாற்றில் தலையாயது என்று ஒன்றைச் சொன்னால், அது செட்டிநாட்டுக் கவர்கள்தான். ரங்கூன், மோல்மேன், பினாங்கு, சிங்கப்பூர், சைகோன், கொழும்பு என்று கொண்டுவிற்கப் போன நகரத்தார் என்கிற செட்டியார்கள் தங்கள் வீட்டுக்கும் கடைக்கும் எழுதிய கடிதங்கள். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் என்று பேர் போட்டு வந்த அந்தக் கவர்கள் இன்று உலகத் தபால் ஏலங்களில் ‘செட்டியார் கவர்’ என்ற பெயரிலேயே ஒரு தனி வகை. 1910இல் ராமநாதபுரம் தனி மாவட்டமாகும் வரை சிவகங்கைச் சீமை முழுக்க மதுரை மாவட்டம்தான். அதற்கு முந்திய கவர்களில் ‘மதுரா டிஸ்டிரிக்ட்’ என்றும் பிந்தியவற்றில் ‘ராம்நாட் டிஸ்டிரிக்ட்’ என்றும் முகவரி முடியும். மாவட்ட எல்லை நகர்ந்ததைக் கெஜட்டைப் பார்க்காமல் கவரைப் பார்த்தே சொல்லலாம்.

அந்தக் கவர்களின்மேல் பெயருக்கு முன் முதலெழுத்துகள் வரிசையாக இருக்கும். கடைக்குச் சொந்தக்காரரின் முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து ஆக்கிய அந்த அடையாளத்துக்கு நகரத்தார் வழக்கில் ‘விலாசம்’ என்றே பெயர். மற்றத் தமிழருக்கு முகவரி என்பது விலாசம், அவர்களுக்குத் தொழில் நடத்தும் வீட்டின் அடையாளம் விலாசம். கவரின் முகத்தில் இரண்டு விலாசமும் ஒன்றாக நிற்கின்றன. ஒரே விலாசத்துக்கு வந்த கவர்களைச் சேர்த்து வைத்தால், ஒரு கடை எந்த ஆண்டு எந்த ஊரில் கிளை வைத்தது, எப்போது எடுத்தது என்று வரிசையாகத் தெரியும்.

தலையின் கதையும் இதில் புகுந்து விளையாடுகிறது. 1937 ஏப்ரல் 1 வரை பர்மா இந்தியாவின் ஒரு மாகாணம். ரங்கூனிலிருந்து காரைக்குடிக்கு இந்தியத் தலையே போதும். அந்த நாளுக்குப் பிறகு அதே தலையின்மேல் ‘பர்மா’ என்று அச்சடித்து விட்டார்கள், உள்நாட்டுக் கடிதம் வெளிநாட்டுக் கடிதமாயிற்று. தலையில் பெயர் மாறிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் மண்ணின் உரிமையும் மாறியது. விலைவீழ்ச்சிக் காலத்தில் அவர்கள் விவசாயிகளுக்குக் கொடுத்த கடன் திரும்பாமல் நிலமாக வந்து சேர்ந்ததில், கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 1930இல் 6 சதவீதம், 1938இல் 25 சதவீதம். பிறகு போர். கவர்களின் ஓரத்தில் தணிக்கைக்காரர் பிரித்து ஒட்டிய தாள் தோன்றுகிறது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தது, மார்ச் 8 அன்று ரங்கூன். மலாயாவின் பழைய தலைகள்மேல் ஜப்பானியர் ‘டாய் நிப்பான் 2602’ என்று அச்சடித்தார்கள். செட்டிநாட்டுக்கு வந்துகொண்டிருந்த கடிதம் நின்றது. ஒரு கடையின் கவர்களைத் தேதிவாரியாக அடுக்கினால் அந்த இடத்தில் மூன்றரை ஆண்டுக்கு வெற்றிடம் இருக்கும். அந்த வெற்றிடத்தில்தான் பர்மாக் காடுகள் வழியே நடந்து வந்தவர்களும் வராமல் போனவர்களும் இருக்கிறார்கள்.

இந்தக் கவர்களில் பெரும்பகுதி ஊரைவிட்டுப் போய்விட்டது. வீடுகள் பிரிக்கப்பட்டபோது பர்மாத் தேக்குத் தூணும் எனாமல் சட்டியும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்குப் போயின. காகிதத்துக்குத் தூண் அளவுக்கு மதிப்புத் தெரிந்தவர் குறைவு, பழைய பேப்பராக எடைக்குப் போனதும் உண்டு. தப்பியவற்றை விலைகொடுத்து வாங்கிக் காப்பாற்றியவர்களில் வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் பலர். அதற்காக அவர்களுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஏலக் கேட்டலாக்கில் தலையின் நிறம், கட்டண விகிதம், கப்பல் வழி, முத்திரையின் வகை எல்லாம் துல்லியமாக எழுதியிருப்பார்கள். உள்ளே இருக்கும் கடிதத்தைப் பற்றி மட்டும் ஒன்றும் இருக்காது. அது தமிழில் இருக்கிறது.

மதுரைப் பக்கத்துச் சேகரிப்பாளர்களுக்கு மட்டுமே வாய்த்த வேலை இங்கேதான் தொடங்குகிறது. பிள்ளையார் சுழி போட்டு, தமிழ் வருடமும் மாதமும் தேதியும் இட்டு, ௵, ௴, ௳ என்ற குறிகளோடு எழுதிய கடிதத்தை வாசிக்க லண்டன் கேட்டலாக்கால் ஆகாது. விஷு வருடத்தில் எழுதியதா சித்திரபானுவில் எழுதியதா என்று பார்த்தால் 1942 ஏப்ரலுக்கு முன்னா பின்னா என்பது தெரிந்துவிடும். உள்ளே தமிழ்த் தேதி, வெளியே இங்கிலீஷ் தேதி முத்திரை. இரண்டுக்கும் நடுவே ஐந்து நாள் இடைவெளி இருந்தால், எழுதி முடித்த கடிதம் அடுத்த கப்பலுக்காக ஐந்து நாள் காத்திருந்திருக்கிறது என்று ஊகிக்கலாம். முன்பக்கம், பின்பக்கம், உள்பக்கம் மூன்றையும் சேர்த்துப் படிக்கக்கூடியவர்கள் இந்த மண்ணில்தான் இருக்கிறார்கள். ஆனால் தமிழக வட்டாரத் தபால் ஆராய்ச்சியின் பெரும்பகுதி இன்றுவரை ஆங்கிலத்தில் எழுதப்படுகிறது. சர்வதேசக் கண்காட்சிகளின் விதிக்குள் அடங்க அது உதவுகிறது, உண்மைதான். கடிதம் எழுதியவரின் பேத்தி படிக்க அது உதவாது.

தெற்குக் கடல் பக்கமும் இதே போன்ற புதையல் கிடக்கிறது. 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு மதுரை வழியே ஓடிய போட் மெயில் ரயில் தனுஷ்கோடியில் கப்பலோடு கைகோர்த்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் மண்டபம் முகாமில் தங்கிச் சோதனை முடிந்து கப்பல் ஏறினார்கள். ‘மண்டபம் கேம்ப்’ என்ற முத்திரை விழுந்த ஒரு கார்டு, நாணயக் கணக்கில் சில அணாவுக்கும் பெறாது. எழுதத் தெரியாதவருக்காக வேறொருவர் எழுதிக் கொடுத்த கார்டாக அது இருந்தால், தோட்டத் தொழிலாளர் வரலாற்றில் அதற்கு ஈடு இல்லை. 1964 டிசம்பர் 22 நள்ளிரவுக்குப் பிறகு தனுஷ்கோடி முத்திரை விழுவது நின்றது. புயல் ஊரையே எடுத்துக்கொண்டது.

முத்திரையில் ஊர்ப் பெயர் மாறுவதைப் பார்ப்பதும் ஒரு தனிப் படிப்பு. ‘மதுரா’ என்றிருந்தது ‘மதுரை’ ஆகிறது, ‘டின்னவெல்லி’ திருநெல்வேலியாகிறது, 1923இல் விருதுபட்டி விருதுநகராகிறது. ஒரு தபால் நிலையத்தில் பழைய முத்திரை உடைந்து புதிது வரும் வரை பழைய பெயரே நீடிக்கும். அதனால் அரசாணைத் தேதிக்கும் முத்திரை மாறிய தேதிக்கும் எப்போதும் ஓர் இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியை அளந்து வைத்திருப்பவர்கள் சேகரிப்பாளர்கள் மட்டுமே.

இப்போது தபால் துறையே சேகரிப்பாளர்களை வளர்க்கப் பார்க்கிறது. 2017இல் தொடங்கிய தீன் தயாள் ஸ்பர்ஷ் திட்டத்தில், தபால்தலை சேர்க்கும் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு மாணவருக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. நல்ல ஏற்பாடு. பள்ளிச் சங்கங்களில் பிள்ளைகளிடம் வெட்டாதே, ஊறப்போடாதே, கவரோடு வை என்று முதல் நாளே சொல்லிக்கொடுத்தால் இன்னும் நன்றாக இருக்கும். விலை உயர்ந்த பழைய தலைக்கு அவர்கள் அலைய வேண்டாம், வீட்டுப் பரணிலிருந்தே தொடங்கலாம். அரபு நாட்டிலிருந்து அப்பா எழுதிய ஏர்மெயில், தாத்தாவின் மணியார்டர் துண்டு, 2013 ஜூலையில் நின்றுபோன தந்தியின் கடைசித் தாள், பேர் எழுதிய ரிஜிஸ்தர் தபால்.

ரிஜிஸ்தர் தபாலும் போய்விட்டது. 2025இல் அதை ஸ்பீடு போஸ்டோடு இணைத்துவிட்டார்கள். வேலைக்கான உத்தரவு, நீதிமன்ற நோட்டீஸ், பத்திரத்தின் நகல் என்று ஒரு குடும்பத்தின் பெரிய காகிதங்களெல்லாம் நூறு ஆண்டுக்கு மேலாக அதில்தான் வந்தன. தபால்காரர் பேனாவை நீட்டிக் கையெழுத்து வாங்குவார். கே.கே. நகரில் ஏதோ ஒரு வீட்டுப் பீரோவில் அப்படி ஒரு கவர் இருக்கும். இடது பக்கம் ‘ஆர்’ எழுத்தும் எண்ணும் அச்சிட்ட சீட்டு, வலது பக்கம் தலைகள், கீழே ‘மதுரை–20’. உள்ளே இருந்த உத்தரவை எடுத்து ஃபைலில் வைத்துவிட்டு வெறும் கவரைக் கிழிக்கப் போகும்போது, ஒருமுறை திருப்பிப் பார்த்தால் போதும்.